ரத்தக் கொழுப்பும் 'அளவான' குடியும்: கடைக்காரர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

(மஞ்சூரிலிருந்து ஒரு மொத்த மளிகை வியாபாரி)



நம் சங்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் இப்போது சட்டைப் பையில் லேப் ரிப்போர்ட்டை மடித்து வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். கொள்முதல் பேச வருகிறவர்கள்கூடப் பேச்சு முடிந்ததும் அந்தக் காகிதத்தை விரித்து, "எண்ணெயை அடியோடு குறைத்து விட்டேன். அப்படியும் டிரைகிளிசரைடு 280 என்று போட்டிருக்கிறதே, எப்படி?" என்று கேட்கிறார்கள். இன்னொரு கேள்வியும் வரும். அதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "அளவாகச் சாப்பிட்டால் இருதயத்துக்கு நல்லது என்று பேப்பரில் வந்ததாமே, நிஜந்தானா?"

நான் டாக்டர் அல்ல. நாற்பது வருடமாக அரிசி, எண்ணெய், சர்க்கரை விற்கிறவன். ஆனால் இந்த இரண்டு கேள்விக்கும் விடை நம் கடைச் சரக்கிலேயே பாதி இருக்கிறது. ஆகவே டாக்டர்களிடம் கேட்டதையும் ஆராய்ச்சிகளில் வந்ததையும் நமக்குப் பழக்கமான பாஷையில் இங்கே எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தமோ பெரும்பகுதி தண்ணீர். எண்ணெயை லாரியில் அப்படியே ஊற்றி மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்குக் கொண்டுவர முடியுமா? டின்னில் அடைத்துத்தான் ஏற்ற வேண்டும். உடம்பும் அதையே செய்கிறது. கொழுப்பைப் புரதத்தில் பொதிந்து ரத்தத்தில் அனுப்புகிறது. அந்தப் பொதிகளுக்குத்தான் எல்.டி.எல்., எச்.டி.எல். என்றெல்லாம் பெயர்.

கல்லீரல்தான் மொத்த மண்டி. அங்கிருந்து முதலில் புறப்படும் லோடு வி.எல்.டி.எல். இதில் பெரும்பாலும் டிரைகிளிசரைடு இருக்கும். உடம்பு எரிப்பதற்கும் சேமிப்பதற்கும் பயன்படுத்தும் சாதாரணக் கொழுப்பு இதுதான். போகிற வழியில் தசைகளுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் சரக்கை இறக்கிவிட்டு, மிச்சக் கொலஸ்ட்ராலோடு சுற்றுவது எல்.டி.எல். உடம்பின் செல்களுக்குக் கொலஸ்ட்ரால் தேவை என்பதால் இந்த வண்டியும் தேவைதான். ஆனால் வண்டிகள் தேவைக்கு மேல் பெருகினால் ரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும். கொண்டை ஊசி வளைவில் லாரி நின்றுவிட்டால் பின்னால் எத்தனை வண்டி தேங்கும் என்று கெத்தை ரோட்டில் போய் வருகிற நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எச்.டி.எல். என்பது திரும்பி வரும் வண்டி. ஆங்காங்கே மிஞ்சிய கொலஸ்ட்ராலை ஏற்றிக் கல்லீரலுக்குக் கொண்டுவருவது அதன் வேலை.

டிரைகிளிசரைடு 150க்குக் கீழே இருக்க வேண்டும். 200க்கு மேல் அதிகம். 500ஐத் தாண்டினால் இருதயத்துக்கு முன்னால் கணையத்துக்கே ஆபத்து. கணைய அழற்சி வந்து உயிரைக் குடித்துவிடும். எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறையக் கூடாது. எல்.டி.எல். 100க்குள் இருப்பது நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் டாக்டர் இன்னும் குறைவான எல்லை வைப்பார். எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் எல்.டி.எல். பல லேப்களில் நேரடியாக அளந்தது அல்ல, கணக்குப் போட்டு எடுத்தது. 1972ல் ஃப்ரீடுவால்டு என்பவர் சொன்ன சூத்திரம் அது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். மொத்தம் 210, எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 280 என்றால், 210லிருந்து 34ம் 56ம் போக 120. டிரைகிளிசரைடு 400க்கு மேலே போனால் இந்தக் கணக்கு ஒத்து வராது. குடிக்கிறவர் பலருக்கு எல்.டி.எல். குறைவாகக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. மொத்தத்தில் எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 176 வருகிறது. இது 130க்குள் இருக்க வேண்டும். பேரேட்டில் நிலுவையைச் சரிபார்ப்பது போல இந்த ஒரு கழித்தலை நீங்களே செய்துகொள்ளலாம்.

நம்மவர்களின் கொழுப்பு எங்கிருந்து வருகிறது

தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினருடன் சேர்ந்து நடத்திய ஆய்வின் ரத்தக் கொழுப்புக் கணக்கு 2014ல் வெளிவந்தது. நூற்றுக்கு 72 பேருக்கு எச்.டி.எல். குறைவு. ஏறக்குறைய 30 பேருக்கு டிரைகிளிசரைடு அதிகம். மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் 14 பேர்தான். ஏதாவது ஒன்றாவது சரியில்லாதவர்கள் 79 பேர்.

இதை நிதானமாகப் படிக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் நாட்டில் முதலில் பேசப்பட்டது வெண்ணெயும் மாட்டிறைச்சியும் ஏற்றிவிட்ட கொலஸ்ட்ரால். நம் ஆட்களிடம் அதைவிட அதிகம் காணப்படுவது டிரைகிளிசரைடு ஏறி எச்.டி.எல். இறங்கிய நிலை. இதற்கு எண்ணெய் மட்டும் காரணமல்ல. நாம் சாப்பிடும் சாதமும், மைதாவும், சர்க்கரையும் பெரிய காரணம். அதே குழுவினர் 2025ல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியர்களின் உணவுச் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. தீட்டிய தானியத்தை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு டிரைகிளிசரைடு கூடி எச்.டி.எல். குறைகிறது என்பதைச் சென்னையில் நடந்த ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள்.

செலவாகாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி அனுப்பிவிடும். மூட்டை தூக்கும் ஆள் மூன்று தட்டுச் சாதம் சாப்பிட்டாலும் மேட்டில் ஏறி இறங்குவதிலேயே எரித்துவிடுகிறார். காலை ஏழு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்து இரவு ஒன்பதுக்கு எழுகிற முதலாளியும் அதே மூன்று தட்டுச் சாப்பிட்டால் அது எங்கே போகும்? எண்ணெயை நிறுத்தியும் 280 ஏன் என்று கேட்டவருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இந்த மலையில் முன்பு இப்படி இல்லை. படுகர் ஊர்களில் ராகியும் சாமையும் கோதுமையும் விளைந்தன. கூடவே அவரை, மொச்சை, கீரை. தேயிலை பரவியதும் அந்த நிலங்கள் தேயிலைக்குப் போயின. சாப்பாட்டுக்குச் சமவெளி அரிசி ஏறி வந்தது. 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. பசி போனது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று ராகியும் சாமையும் கடையில் 'சிறுதானியம்' என்று தனி அலமாரியில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கின்றன. வாங்குவது பெரும்பாலும் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்.

டீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேயிலை நாட்டில் இருந்துகொண்டு டீயைக் குறை சொல்வது அழகல்ல. டீயில் தப்பில்லை, அதில் போடும் சர்க்கரையில்தான். கடைக்கு யார் வந்தாலும் ஒரு டீ, லோடு வந்தால் ஒரு டீ, வசூலுக்கு ஆள் வந்தால் ஒரு டீ என்று ஒரு நாளைக்கு எட்டு ஆகிவிடுகிறது. டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் 64 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015ல் வகுத்த எல்லை, சாதாரண ஆளுக்கு எல்லா இனிப்பும் சேர்ந்து சுமார் 50 கிராம். கூடவே மைதாவும் கொழுப்பும் சேர்ந்த வர்க்கி இரண்டு. காலைச் சாப்பாடு வருவதற்கு முன்பே நாளின் கணக்கு முடிந்துவிடுகிறது.

'அளவாக' என்றால் எவ்வளவு?

இப்போது குரலைத் தாழ்த்திக் கேட்கும் அந்தக் கேள்விக்கு வருவோம்.

இது எங்கிருந்து கிளம்பியது என்றால், பிரான்ஸ் நாட்டிலிருந்து. அங்கே வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாகச் சாப்பிட்டாலும் மாரடைப்புக் குறைவாக இருக்கிறதே, திராட்சை மது காரணமாக இருக்குமோ என்று 1992ல் ரெனோ, லோர்ஜெரில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். வேறு பல கணக்கெடுப்புகளிலும், குடிக்காதவர்களைவிடக் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு மாரடைப்புக் குறைவாகத் தெரிந்தது. மது எச்.டி.எல்.லைச் சற்று ஏற்றுகிறது என்பதும் உண்மை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, 'நல்ல கொழுப்பு கூடுகிறது, ஆகவே இருதயத்துக்கு நல்லது' என்று உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

இந்தக் கணக்கில் இருந்த ஓட்டையை நம் கடைப் பழக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம். கடன் வாங்கும் வாடிக்கையாளர் ஒரு பட்டியல், கடனே வாங்காதவர் இன்னொரு பட்டியல் என்று எழுதுகிறோம். பாக்கி கட்டாததால் நாமே கடனை நிறுத்திவிட்ட ஆட்களையும் 'கடன் வாங்காதவர்' பட்டியலில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? கடன் வாங்குகிறவர்களே நாணயமானவர்கள் என்று கணக்குக் காட்டும். இங்கேயும் அதுதான் நடந்தது. நோய் வந்து டாக்டர் சொல்லிக் குடியை விட்டவர்களையும் பல ஆய்வுகளில் 'குடிக்காதவர்' கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அது போதாதென்று, மேல்நாடுகளில் அளவாகக் குடிப்பவர்கள் பெரும்பாலும் வசதி உள்ளவர்கள். நல்ல சாப்பாடு, நடைப்பயிற்சி, நல்ல வைத்தியம் எல்லாம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பலனை மதுவின் பேரில் வரவு வைத்தார்கள்.

பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். பிறவியிலேயே சிலருக்கு மது ஒத்துக்கொள்ளாது. குடித்தால் முகம் சிவந்து குமட்டும். சீனாவில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். பரம்பரைக் கூறு வசதியைப் பார்த்தோ நோயைப் பார்த்தோ வருவதில்லை. ஆகவே அதை வைத்து ஒப்பிட்டால் கணக்கு சுத்தமாக இருக்கும். சீனாவில் ஐந்து லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில் இந்த முறையைக் கையாண்டு 2019ல் முடிவு வெளியிட்டார்கள். குடிக்கும் அளவு கூடக் கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் படிப்படியாக ஏறின. கொஞ்சம் குடித்தால் பக்கவாதத்துக்குப் பாதுகாப்பு என்ற பேச்சு அதோடு விழுந்தது. மாரடைப்பிலும் மது காப்பாற்றியதாக அந்த முறையில் தெரியவில்லை.

எச்.டி.எல். கதையும் இப்படியே முடிந்தது. அதை நன்றாக ஏற்றிவிடும் ஒரு மருந்தை அமெரிக்காவில் தயாரித்து, சுமார் 15 ஆயிரம் பேரிடம் சோதித்தார்கள். எச்.டி.எல். ஏறியது. கூடவே மரணமும் ஏறியது. 2006 டிசம்பரில் அந்தச் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்பி வரும் லாரிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதாது, அவை சரக்கு ஏற்றி வருகின்றனவா என்பதுதான் முக்கியம். நம் மாவட்டத்தில் 2022 முதல் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருகிறார்கள். காடு சுத்தமானது. ஆனால் பாட்டில் திரும்பி வருகிறது என்பதற்காகக் குடித்தவன் உடம்பு சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியுமா?

நம் நாட்டுக் கணக்கே தனியாக இருக்கிறது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004ல் வந்தது. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது அளவான குடிக்குச் சிறிது சாதகம் தெரிந்தது. ஆனால் அதில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகிய தேசங்களை மட்டும் பிரித்து 2007ல் வெளியிட்ட கணக்கில் அந்தச் சாதகம் காணப்படவில்லை. அதே கணக்கில் இன்னொரு செய்தி. நம் பகுதியில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்திக்கொண்டு வருகிறது. 2010ல் வெளியான, இந்திய ஆண்களைப் பற்றிய மற்றோர் ஆய்விலும் குடிப்பவர்களுக்கு இருதய நோய் அதிகமாகவே இருந்தது. கடைசியாக 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், பாதகமில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டது. புற்றுநோயையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது.

சரி, வாதத்துக்காக 'அளவு' என்பதையே எடுத்துக்கொள்வோம். பழைய ஆய்வுகளில் அளவு என்றது ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு 'டிரிங்க்'. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் 14 கிராம் சாராயம். நம் ஊரில் பிராந்தி, ரம் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 30 மில்லி சிறிய பெக்கில் சுமார் 10 கிராம் சாராயம் இருக்கிறது. நம்மவர் கைக்கு வருவது 180 மில்லி குவார்ட்டர். அதில் சுமார் 60 கிராம். அமெரிக்கக் கணக்கில் நாலு டிரிங்குக்கும் மேல். "நான் ஒரு குவார்ட்டரைத் தாண்ட மாட்டேன், அளவுதான்" என்று சொல்லும் நண்பர்கள் அந்த ஆய்வுகளின் பார்வையில் பெருங்குடிகாரர் வரிசையில் நிற்கிறார்கள். பீரும் லேசு அல்ல. 650 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் என்றால் 25 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 40 கிராம்.

டிரைகிளிசரைடுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இன்னும் நேரடியானது. கடைக்கு ஒரே சமயத்தில் அரிசி லோடும் காய்கறி லோடும் வந்தால் எதை முதலில் இறக்குவோம்? காய்கறியைத்தான், கெட்டுவிடும். அரிசி காத்துக் கிடக்கும். கல்லீரலுக்கு மது அந்தக் காய்கறி லோடு மாதிரி. சாராயத்தைச் சேமித்து வைக்க உடம்பில் கிடங்கு கிடையாது. விஷம் என்பதால் கல்லீரல் மற்ற எல்லா வேலையையும் போட்டுவிட்டு அதை முதலில் தீர்க்கிறது. எரிய வேண்டிய கொழுப்பு எரியாமல் நிற்கிறது. புதிதாகவும் கொழுப்பு உற்பத்தியாகிறது. கல்லீரலிலேயே படிந்தது போக மிச்சம் டிரைகிளிசரைடு லோடாக ரத்தத்துக்கு ஏறுகிறது. கூடவே சைடு டிஷ் என்று பொரித்த கோழியும் முட்டைப் பொடிமாஸும் இறங்கினால், அந்தக் கொழுப்பும் ரத்தத்திலிருந்து சீக்கிரம் விலகாமல் நெடுநேரம் சுற்றும்.

சக்திக் கணக்கு தனி. ஒரு கிராம் சாராயத்தில் 7 கலோரி. குவார்ட்டருக்கு 420க்கு மேல். ஏறக்குறைய 120 கிராம் அரிசிக்குச் சமம். "ராத்திரி சாதமே சாப்பிடுவதில்லை, தொப்பை மட்டும் குறையவில்லை" என்று சொல்கிறவர்கள் இதையும் ஒரு தடவை கூட்டிப் பார்க்கட்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குடியால் ஏறிய டிரைகிளிசரைடு, குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே நன்றாக இறங்கும். மாத்திரையைவிட வேகமாக இறங்கினதை டாக்டர்களே சொல்கிறார்கள். ஆனால் பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

"குளிருக்குத்தான்" என்ற சாக்கு நம் மலையில் மட்டும் செல்லுபடியாகிறது. மது உள்ளே போனதும் தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் சூடாகத் தோன்றும். அந்தச் சூடு உடம்பின் உள்ளேயிருந்து வெளியே போகும் சூடு. தோலில் வெதுவெதுப்பு, உள்ளே குளிர்ச்சி. டிசம்பர், ஜனவரி உறைபனியில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறி, மாரடைப்பு சாதாரணமாகவே அதிகமாகும் காலம் அது. அந்த நேரத்தில் கம்பளியும் இஞ்சி டீயும் செய்கிற வேலையை ரம் செய்யாது.

நம் அலமாரியில் இருக்கும் எண்ணெய்கள்

எண்ணெய் விஷயத்தில் வாடிக்கையாளர் நம்மைத்தான் கேட்கிறார். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதைக் காட்டி, இது நல்லதா என்பார். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அது பிராணிகளின் பொருள்களில்தான் உண்டு. உப்பு மூட்டையில் 'எறும்பு மொய்க்காதது' என்று அச்சடித்து விற்பது போன்றது அந்த விளம்பரம்.

பார்க்க வேண்டியது பூரிதக் கொழுப்பின் அளவை. கல்லீரல் எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வதை அது மந்தப்படுத்துகிறது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 90 பங்கு பூரிதம். பாமாயிலில் 40க்கு மேல். தவிட்டு எண்ணெயில் 20க்குச் சற்று மேல். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் 15லிருந்து 20க்குள். சூரியகாந்தி 11 அளவில். தேங்காய் எண்ணெய் இருதயத்துக்கு மருந்து என்று இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டு நடத்திய சோதனைகளைத் தொகுத்து 2020ல் வெளியிட்டதில், அது எல்.டி.எல்.லைச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுவதாகத்தான் வந்தது. தலைக்குத் தேய்க்கட்டும், தாளிக்கக் கொஞ்சம் விடட்டும். மருந்து என்று சொல்லி விற்க வேண்டாம்.

பாமாயில் 2007 முதல் ரேஷனில் மானிய விலையில் வருகிறது. ஏழை வீட்டில் அதுவும் இல்லாவிட்டால் எண்ணெயே இல்லை. அவர்களிடம் சொல்ல வேண்டியது, அதோடு கொஞ்சம் கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ மாற்றி மாற்றிச் சமைக்கும்படிதான். எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது டாக்டர்கள் சொல்லும் பொது அளவு. நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் இரண்டு லிட்டர். நம் வியாபாரத்துக்கு இது நஷ்டம் போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. எழுபது வயது வரை இரண்டு லிட்டர் வாங்கும் குடும்பம், ஐம்பதில் நின்றுபோகும் ஐந்து லிட்டர் குடும்பத்தைவிட நல்ல வாடிக்கை.

வனஸ்பதிதான் எல்லாவற்றிலும் கேடு. எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும்போது 'டிரான்ஸ்' கொழுப்பு உண்டாகிறது. அது எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லையும் இறக்கும். வேறு எந்தச் சமையல் கொழுப்பும் இப்படி இரண்டு பக்கமும் வெட்டுவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதன் எல்லையை 2021ல் 3 சதவீதமாகவும் 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் குறைத்திருக்கிறது. ஆகவே பேக்கரிக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரிகள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். விலை குறைகிறது என்று முகவரி தெரியாத டின்னை ஏற்றாதீர்கள்.

பஜ்ஜிக் கடை எண்ணெய் விஷயமும் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உபயோகிக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் சட்டம். சில ஊர்களில் அந்தப் பழைய எண்ணெயைக் குறைந்த விலைக்கு வாங்கி மறுபடி சில்லறையில் விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நம் சங்கத்துக் கடைகளில் அது நுழையக் கூடாது. அதை பயோடீசலுக்கு வாங்கும் அங்கீகாரம் பெற்ற முகவர்கள் இருக்கிறார்கள்.

முட்டையைப் பற்றிப் பயம் முன்னளவு இல்லை. சாப்பாட்டில் உள்ள கொலஸ்ட்ரால் ரத்தத்தில் ஏறுவது குறைவு என்று கண்டு, அமெரிக்காவில் 2015ல் பழைய 300 மில்லிகிராம் எல்லையை எடுத்துவிட்டார்கள். மலைப்பூண்டு வாங்க வரும் சுற்றுலாக்காரர்கள் "கொலஸ்ட்ராலுக்கு" என்று கேட்டு வாங்குகிறார்கள். 2007ல் அமெரிக்காவில் ஆறு மாதம் பச்சைப் பூண்டு கொடுத்துச் சோதித்ததில் எல்.டி.எல். அசையவில்லை. குழம்புக்கு மணம் என்று சொல்லி விற்போம், அதில் பொய் இல்லை. பயறு, பருப்பு, மொச்சை, ஓட்ஸ், கீரை இவற்றின் நார்ச்சத்து கொஞ்சம் குறைக்கிறது. ஒரு கைப்பிடி நிலக்கடலை நல்லது, உப்புப் போட்டு வறுக்காதது.

சோதனையும் அவசரமும்

இருதய மருத்துவர்களின் இந்தியச் சங்கம் 2024ல் ரத்தக் கொழுப்புக்கென்று முதன்முதலாக விதிமுறை வெளியிட்டது. 18 வயதிலேயே ஒரு முறை பார்க்க வேண்டும், வெறும் வயிற்றில்தான் என்று கட்டாயமில்லை, டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கலாம் என்கிறது. கடையை விட்டுக் காலையில் ஊட்டி போக முடியவில்லை என்ற காரணம் இனிச் செல்லாது. லிப்போபுரோட்டீன் 'ஏ' என்ற பரிசோதனையையும் ஆயுளில் ஒரு முறை செய்யச் சொல்கிறது. இது பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் மாறாது. தகப்பனாரோ சித்தப்பாவோ ஐம்பதுக்குள் மாரடைப்பில் போயிருந்தால் அவசியம் கேளுங்கள். சோதனைக்கு முன் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் மூன்று நாள் மது கூடாது. இல்லாவிட்டால் டிரைகிளிசரைடு கூடுதலாகக் காட்டும். டாக்டர் 'ஸ்டாட்டின்' மாத்திரை எழுதினால், எண் இறங்கிவிட்டது என்று தானாக நிறுத்தாதீர்கள். இறங்கியதே மாத்திரையால்தான்.

நம் ஊரிலிருந்து ஊட்டிக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். மார்பில் அழுத்தம், இடது தோள் அல்லது தாடை வரை பரவும் வலி, வியர்வை, மூச்சடைப்பு என்றால், கேஸ் என்று நினைத்து சோடா குடித்துக் கல்லாவில் உட்கார்ந்து பார்ப்பது நம்மவர் வழக்கம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமானால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். 2023 ஜூன் முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கே ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரைகளை இலவசமாக ஒரே தடவையில் கொடுத்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ரத்தம் மேலும் உறைவதை அது தடுக்கும், பயண நேரத்தைத் தாங்க உதவும். வயிற்றுப்புண், சமீபத்தில் ரத்தக் கசிவு, ரத்தத்தை இளக்கும் மருந்து இவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் தானே ஜீப்பை எடுத்துக்கொண்டு வளைவுகளில் ஓட்டிப் போக வேண்டாம். பக்கத்துக் கடைக்காரரை எழுப்புங்கள். பழைய லேப் ரிப்போர்ட்டும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் கல்லாப் பெட்டியில் ஒரே உறையில் இருந்தால், கூட வருகிறவர் அதை எடுத்து வந்துவிடுவார்.